இடுப்புக்குக் கீழே நாலு அங்குலம்: திருகோணமலையில் தைத்த ஒரு கல்யாணக் கவுன்

இது ஒரே ஒரு கவுனைப் பற்றிய ஆய்வு. உடுத்தவர் திருகோணமலை நகரத்துக் கத்தோலிக்க மணப்பெண், உயரம் 5 அடி 1 அங்குலம். ஓகஸ்ட் மாதக் கல்யாணம். பின்னேரம் மூன்றரைக்குப் பூசை, முடிந்ததும் டச்சு பே கடற்கரையில் படம் எடுப்பு, பிறகு உப்புவெளியில் வரவேற்பு. கேக் வெட்டும்வரை கவுன், அதன்பின் கூறைச்சேலை. "அளவை எழுதுங்கோ அக்கா, பேரை மட்டும் எழுதாதீங்கோ" என்று மணப்பெண் சொன்னதால் அளவுகள் உள்ளபடியே இருக்கின்றன.

என் தையல்கடைக்கு வரும்போதே வீட்டில் பாதிச் சண்டை நடந்து முடிந்திருந்தது. தாய்க்குப் பொங்கின கவுன் வேண்டும். "பிள்ளைக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் பெரிசு. அது தெரியாம மூடிற மாதிரித் தையுங்கோ" என்பது அவருடைய கட்டளை. மகளின் ஃபோன் முழுக்க மெர்மெயிட் படங்கள், அதாவது முழங்கால்வரை உடம்போடு ஒட்டி வந்து அங்கிருந்து விரியும் வெட்டு. கனடாவில் இருக்கும் சின்னம்மா தன் பங்குக்கு வட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை அனுப்பியிருந்தார். உங்கள் உடம்பு பேரிக்காயா, அப்பிளா, மணற்கடிகாரமா என்று அது கேட்கும். பேரிக்காய் என்றால் ஏ-லைன் (மேலே ஒடுங்கிக் கீழே விரிவது) அல்லது போல் கவுன் (ball gown, இடுப்பிலிருந்தே பொங்கி நிற்பது) உடுக்கலாம், மெர்மெயிட்டைத் தொடவே கூடாது.

இந்த அட்டவணைகளோடு எனக்கு நெடுநாள் தகராறு. ஒருத்தி முன்பக்கத்தில் எவ்வளவு அகலம் என்பதை மட்டுந்தான் அவை பார்க்கும். மேலுடம்பு நீளமா கட்டையா, பக்கவாட்டில் முதுகு எப்படி வளைகிறது, கதிரையில் இருந்தால் என்ன ஆகும், முழந்தாளிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வியும் கிடையாது. இந்தப் பிள்ளையின் கவுனைத் தீர்மானித்தது அட்டவணை கேட்காமல் விட்ட அந்தக் கேள்விகள்தான்.

அளவு

மார்பு 35, இடுப்பு 29, ஹிப் (இடுப்புக்குக் கீழே ஆக அகன்ற இடத்தின் சுற்றளவு) 41, எல்லாம் அங்குலத்தில். இந்த மூன்றை மட்டும் பார்த்தால் சின்னம்மா சொன்ன பேரிக்காய்தான்.

இடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஜீன்ஸ் போட்டுப் பழகிய பிள்ளைகள் கையை வைத்துக் காட்டுகிற இடம் பெரும்பாலும் இரண்டு அங்குலம் கீழே இருக்கும். அதனால் நான் கேட்பதில்லை. ஒரு இலாஸ்ரிக் துண்டை வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு இரண்டு பக்கமும் சரியச் சொல்வேன். அது தானாக உருண்டுபோய் நிற்கிற மடிப்புத்தான் இடுப்பு. அங்கிருந்து பிடரி எலும்புவரை அளந்தபோது முதுகு நீளம் பதினாலரை அங்குலம். உயரம் குறைந்த பெண்ணுக்குக்கூட அது கட்டை. இடுப்பிலிருந்து ஹிப்பின் ஆக அகன்ற இடத்துக்கு 8 அங்குலம். கல்யாணத்தன்று போடப்போகிற மூன்று அங்குலக் குதிச் செருப்போடு இடுப்பிலிருந்து நிலம்வரை 41. கதிரையில் இருத்தி ஹிப்பை மறுபடி அளந்தால் 43. பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால் கீழ்முதுகு நன்றாக உள்வளைந்திருந்தது.

ஆக, தாய் "பெரிசு" என்று சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதி மேலுடம்பின் கட்டை. மார்பு முடிந்த கையோடு ஹிப் தொடங்கிவிடுகிறது. நடுவிலே கண் தங்கி நிற்க இடமில்லை, அதனால் கீழ்ப்பக்கம் இருப்பதைவிட அகலமாகத் தெரிகிறது. கால்களோ அந்த உயரத்துக்கு நல்ல நீளம். இதை மூடப் பார்த்தால் காலும் சேர்ந்து மறைந்துபோகும்.

மாதிரிகளை உடுத்திப் பார்த்தது

வாடகைக்கு விடும் பழைய கவுன்கள் கடையில் இருந்தன. ஒவ்வொன்றாக உடுத்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஃபோனில் படம் எடுத்தோம். படம் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மணப்பெண்ணின் தங்கை கிட்ட நின்று ஃபோனை உயர்த்திப் பிடித்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துவிடும். பன்னிரண்டு அடி தள்ளி நின்று ஃபோனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட கோயில் பெஞ்சில் இருப்பவர் பார்க்கிற மாதிரி அப்போதுதான் வரும். கண்ணாடியை நம்பவேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்வேன். கண்ணாடிக்கு முன்னால் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

முதலில் தாயின் விருப்பம், போல் கவுன். உள்ளே வளையம் வைத்தது. விளிம்பின் சுற்றளவு 150 அங்குலம். அதை விட்டமாக மாற்றினால் ஏறத்தாழ 48. இடுப்பிலிருந்து நிலத்துக்கு 41 என்று முன்னரே அளந்தோம். பாவாடையின் அகலம் உயரத்தைவிட ஏழு அங்குலம் கூட. படத்தில் அப்படியேதான் வந்தது: நீளத்தைவிட அகலமான ஒரு பெட்டி, அதன்மேல் சின்னதாக ஒரு மேலுடம்பு. ஐந்தடி ஏழு அங்குலப் பெண்ணுக்கு இதே கவுன் அரசகுமாரிக் களை தரும். விளிம்பின் விட்டம் இடுப்பிலிருந்து நிலம்வரையுள்ள உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது என் சொந்தக் கணக்கு. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, ஆனால் கட்டையான பிள்ளைகள் விஷயத்தில் அது என்னைக் கைவிட்டதில்லை. படத்தைக் கண்டதும் தாய் ஒன்றும் பேசவில்லை. மகள் பேசினாள்: "அம்மா, நான் கேக்கா?"

அடுத்தது மெர்மெயிட். நின்றபடி எடுத்த படத்தில் உண்மையாகவே அழகு. அட்டவணை சொன்னதுபோல அது பொருந்தாமல் இல்லை. நிற்பது மட்டுமே வேலை என்றால் அன்றைக்கே துணி வெட்டியிருப்பேன். ஆனால் திருமணப் பூசையில் மணமக்கள் பலிபீடத்துக்கு முன்னால் முழந்தாளிட வேண்டும். கடையில் ஒரு தலையணையைப் போட்டு முழந்தாளிடச் சொன்னேன். முழங்காலை மடித்ததும் துணி முழுதும் பின்னால் இழுபட்டு, முன்பக்கம் தொடைக்குக் குறுக்கே வரிவரியாக மடிந்தது. பக்கத் தையல் நூல் வெளியே தெரிந்தது. எழும்ப இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இருக்கும்போது ஹிப் இரண்டு அங்குலம் கூடுகிறது என்று முன்பு எடுத்த அளவின் பொருள் அங்கேதான் அவளுக்கு விளங்கியது. தளர்த்தித் தைக்கலாமே என்று கேட்டாள். தளர்த்தினால் அது மெர்மெயிட்டாக இருக்காது, மெர்மெயிட்டைப் போல இருக்கிற தொளதொளத்த ஒன்றாகத்தான் இருக்கும்.

எம்பயர் வெட்டு மார்புக்குக் கீழேயே தையல் வைத்து நேரே இறங்குவது. நெப்போலியன் காலத்துப் பாணி. கட்டை முதுகுக்கு அதை நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். உடுத்தியதும் தாய் ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்: "சனம் வேற கதை கதைக்கும்." நானும் மறுக்கவில்லை. 29 அங்குல இடுப்பை மறைக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. ஷீத் எனப்படும் நேர்க்கவுனை அவளே உடுத்திப் பார்க்க விரும்பவில்லை.

மிஞ்சியது ஏ-லைன். 1955 வசந்தகாலத் தொகுப்புக்குக் கிறிஸ்ரியன் டியோர் வைத்த பெயர் அது. இன்று மேலே ஒடுங்கிக் கீழே விரிகிற எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறோம். கடையில் இருந்த ஏ-லைன் கவுனில் இடுப்பைச் சுற்றி ஒரு தையலும் அதன்மேல் மணி வேலைப் பட்டியும் இருந்தன. அந்தப் பட்டி ஏற்கெனவே கட்டையான முதுகை இன்னும் இரண்டாக வெட்டியது. மூன்று பேருக்கும் பரவாயில்லை, ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை.

குண்டூசி வைத்த இடம்

பெயர்களைச் சொல்லிக் கேட்பதை இந்த இடத்தில் நிறுத்தினோம். போல் கவுன், ஏ-லைன், மெர்மெயிட் எல்லாம் அடிப்படையில் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகள். துணி உடம்பை விட்டு விலகுவது எங்கே? போல் கவுனில் இடுப்பிலேயே. மெர்மெயிட்டில் முழங்காலில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை அடியில் எந்த இடத்தையும் தெரிவுசெய்யலாம், அதற்குக் கடையில் தொங்கும் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மலிவான பருத்தித் துணியில் ஒரு மாதிரிச் சட்டை வெட்டினேன். இடுப்பில் தையல் இல்லை. கைக்குழியிலிருந்து விளிம்புவரை நீளமாக ஓடும் பிரின்சஸ் வெட்டு. 29க்கும் 41க்கும் இடையிலான பன்னிரண்டு அங்குல வித்தியாசத்தை டாட் (துணியைக் கூராக மடித்துத் தைப்பது) பிடித்து அடக்கினால் புடைத்துக்கொண்டு நிற்கும். நீளத் தையல்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சமாகச் சுமக்கும். கண்ணும் குறுக்கே எங்கும் தடைப்படாமல் மேலிருந்து கீழே போகும். அது உடம்பில் இருக்கும்போதே பக்கத் தையல்களைக் குண்டூசியால் பிடித்து, மூன்று உயரங்களில் விரித்துப் பார்த்தோம்.

இடுப்பிலேயே விரித்தபோது பெட்டி திரும்பி வந்தது, சிறிய பெட்டியாக. எட்டு அங்குலம் கீழே, ஹிப்பின் அகன்ற இடத்தில் விரித்தபோது மகளுக்குச் சந்தோசம், தாய்க்கு முகம் சுருங்கியது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தாய் முகம் சுருக்கியதும் சரி: ஆக அகன்ற இடத்தில் துணி ஒட்டி நின்று, அங்கிருந்தே விரியவும் தொடங்கினால் இரண்டு அகலமும் ஒன்றாகச் சேர்கின்றன. பிறகு ஊசிகளைக் கழற்றி இடுப்புக்குக் கீழே நாலு அங்குலத்தில், இடுப்பெலும்பின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே குத்தினேன். இடுப்பு தெரிந்தது. வளைவு தொடங்குவதும் தெரிந்தது. எங்கே முடிகிறது என்பது தெரியவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே துணி விலகிப் போய்விட்டது. கால் இருக்கிறதைவிட நீளமாகத் தெரிந்தது.

தங்கை எடுத்த படத்தைத் தாய் பெரிதாக்கிப் பார்த்தார். "இதில கீழ்ப்பக்கம் பெரிசாத் தெரியேல்லையே" என்றார். மகள் சொன்னாள்: "மூடவும் இல்லையே."

2011இல் இளவரசர் வில்லியமின் கல்யாணத்தில் கேத்தரின் உடுத்த கவுனைத் தாய்மார் இப்போதும் சொல்லிக் கேட்பார்கள். சாரா பர்ட்டன் வடிவமைத்தது. அந்தக் கவுனின் இடுப்பை ஒடுக்கி, ஹிப்பில் உள்ளே திண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். நாங்கள் குறைக்கச் சொல்லி அழுகிற இடத்தில் அவர்கள் கூட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது தாய் நம்பவில்லை. மகள் ஃபோனில் தேடிக் காட்டினாள்.

விளிம்பின் சுற்றளவை 110 அங்குலத்தில் நிறுத்தினோம். விட்டம் 35, அதாவது உயரமான 41க்குள் தாராளமாக அடங்கும். முழந்தாளிட்டுப் பார்த்தாள், கதிரையில் இருந்தாள், கடைவாசல் படி ஏறினாள். எங்கும் இழுபடவில்லை.

முதுகுப் பக்கம்

கல்யாணக் கவுனுக்கு எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பூசையில் சனம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பது முதுகை.

இந்தப் பிள்ளைக்குக் கீழ்முதுகு உள்வளைவு என்பதால் மாதிரிச் சட்டையில் இடுப்புக்குச் சற்று மேலே துணி அலையலையாகத் தேங்கி நின்றது. இறுக்கினால் போகும் என்று நினைத்துப் பக்கத் தையலைப் பிடிப்பவர்கள் உண்டு. அது இறுக்கத்தால் தீராது, நீளம் கூடியதால் வருவது. நடு முதுகில் அரை அங்குலத்தைக் குறுக்கே மடித்து, பக்கத் தையலுக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் கூராக முடித்தேன். அலை போனது. அந்த அரை அங்குலத்தால் பின்பக்கப் பாவாடையும் நேராக இறங்கியது. அதற்கு முன் அது கால்களுக்கு நடுவே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பின்கழுத்துக்கு அவள் விரும்பியது லேஸ் வைத்த உயர்ந்த கொலர். எங்கள் பக்கத்தில் தாலி பூசையிலேயே கட்டப்படும். தலையில் நெட் (முக்காடு), அதற்குக் கீழே கொண்டை, அதற்குக் கீழே கொலர் என்றால் மாப்பிள்ளையின் விரல் எங்கே போகும்? தம்பியை மாப்பிள்ளையாக நிறுத்தி ஒரு நாடாவைக் கட்டச் சொன்னோம். கொலரிலேயே முடிச்சுப் போட்டான். அதோடு கொலர் போய், பிடரி எலும்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும் வட்டக் கழுத்து வந்தது. முன்கழுத்தை ஆழமில்லாத வீ வடிவில் வெட்டினேன். கட்டை மேலுடம்பில் அந்தச் சரிவு ஓர் அங்குலமாவது நீளம் காட்டும், தாலி வந்து விழவும் இடம் இருக்கும். தோளும் கையும் முக்கால் கை லேஸில் மூடியிருந்தன. எங்கள் பங்கில் தோள் திறந்து பூசைக்குப் போகும் வழக்கம் இல்லை.

துணியும் கச்சானும்

ஓகஸ்டில் திருகோணமலையில் வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வந்து கடலுக்குப் போகிற காற்று. டச்சு பேயில் கடல் பின்னால் தெரிய நின்று படம் எடுத்தால் பின்னேர வெயிலும் காற்றும் இரண்டுமே முன்பக்கத்தில் அடிக்கும். வெட்டை எவ்வளவு யோசித்துப் போட்டாலும் இதை மறந்து துணி வாங்கினால் எல்லாம் வீண்.

ஷிஃபோன் எடுத்தால் காற்று அதை இரண்டு கால்களிலும் ஒட்டவைத்துவிடும். நாலு அங்குலத்தில் விலகவேண்டும் என்று நாங்கள் பார்த்துப் பார்த்து வைத்தது கடற்கரையில் காணாமல் போகும். கனமான டச்சஸ் சற்றின் நிற்கும், ஆனால் நேர் வெயிலில் ஒவ்வொரு புடைப்பிலும் மினுங்கும், முப்பத்துநாலு முப்பத்தைந்து பாகை வெக்கையில் உள்ளே ஆள் அவிந்துபோகும். மினுக்கம் இல்லாத தடித்த கிரேப்பை எடுத்தோம். உள்ளே மேலுடம்புக்குப் பருத்தி லைனிங், பாவாடைக்கு வழுக்கும் லைனிங், நடுவில் ஒரே ஒரு அடுக்கு நெட். நிறம் ஐவரி. அவளுடைய மாநிறத்துக்கு பளீர் வெள்ளை மண்டபத்து வெளிச்சத்தில் நீலம் பாய்ந்தது.

விளிம்பில் இரண்டு அங்குல விறைத்த நெட் பட்டி வைத்துத் தைத்தேன், அது வட்டத்தைக் குலையாமல் வைத்திருக்கும். முன்பக்கத் தையல்கள் விளிம்பைத் தொடும் இடங்களில், வலைக்குக் கட்டுகிற சின்ன ஈயக்குண்டுகளைத் துணிப்பையில் போட்டு உள்ளே வைத்தேன். ஐடியா தாயுடையது, அவருடைய அப்பா கடற்றொழிலாளி.

பின்னால் நிலத்தில் இழுபடும் ட்ரெயின் தனித்துண்டு. இடுப்பின் பின்பக்கம் ஊக்குகளால் மாட்டுவது. கோயில் நடைக்கு மட்டும் அது வேண்டும், மணலுக்கு வேண்டாம்.

கல்யாண நாள்

முழந்தாளிட்டாள், எழும்பினாள், யாரும் பிடிக்கவில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை ஒருமுறை நெட்டில் சிக்கியது, கழுத்தில் சிக்கவில்லை. பேராலயத்தின் வெளிர்நீல முகப்புக்கு முன்னால் எடுத்த படங்களில் ஐவரி நன்றாக எடுபட்டது. கடற்கரையில் தலை நெட் பறந்து கடற்பக்கம் நீண்டு நின்றது. பாவாடையின் முன்பக்கம் ஒட்டியது, ஆனால் முழங்காலுக்குக் கீழேதான். அது நடக்கும் படம்போல இருந்ததால் கமராக்காரருக்குச் சந்தோசம்.

சரிவராததும் இருந்தது. லேஸ் கைகள் இறுக்கமாக வெட்டியவை. மாலை மாற்றக் கையை உயர்த்தியபோது மேலுடம்பு முழுதும் சேர்ந்து எழும்பி, கீழ்முதுகு வளைவில் இருந்த கவுனின் இடுப்பு ஓர் அங்குலம் மேலே போனது. கை இறங்கியதும் தானாகத் திரும்பி வரவில்லை, தங்கை இழுத்துவிட வேண்டியிருந்தது. அக்குளில் டயமண்ட் வடிவத்தில் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்துத் தைத்தால் கை தனியாக எழும்பும், உடம்பு இருந்த இடத்தில் இருக்கும். கையுள்ள கவுன்களுக்கு இப்போது அதை வைத்தே தைக்கிறேன்.

தாயிடம் படத்தொகுப்பு வந்ததும் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "வடிவுதான். இன்னும் கொஞ்சம் பொங்கியிருக்கலாம்."

பின்குறிப்பு: தங்கை

அதே கவுனைத் தங்கை தன் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தாள். உயரம் 5 அடி 6 அங்குலம், ஹிப் 38, முதுகு நீளம் பதினாறரை. போட்டுப் பார்த்தால் அகலத்துக்குச் சுற்றிப் பிடிக்க எல்லா இடத்திலும் துணி இருக்கிறது, விளிம்பைக் கீழே இறக்கவும் மடிப்பு விட்டிருக்கிறேன். ஆனால் அக்காவின் இடுப்பு தங்கைக்கு விலா எலும்பில் வந்து நின்றது. துணி விலகுவது அவளுடைய இடுப்புக்குக் கீழே வெறும் இரண்டு அங்குலத்தில். நீளமான மேலுடம்பில் அது இரவுச்சட்டைபோலத் தொங்கியது. இடுப்பில் தையல் இல்லாத கவுனை மேலே கீழே நகர்த்த வழியும் இல்லை.

லேஸைக் கழற்றி அவளுக்குப் புதிதாகத் தைக்கும் கவுனில் வைப்பதாக முடிவு. அவளுடைய நீள முதுகுக்கு விலகும் இடம் தொடையின் நடுப்பகுதிவரை இறங்கலாம், அக்கா ஆசைப்பட்ட மெர்மெயிட்டுக்குக் கிட்ட. முழந்தாளிடுவதற்கு நடுப் பின்தையலில், முழங்காலுக்கு ஆறு அங்குலம் மேலிருந்து முக்கோணத் துண்டு ஒன்று சொருக வேண்டும். மாதிரிச் சட்டை வெட்டியாயிற்று. அவள் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தால் ஃபிட்-ஒன் பார்க்கலாம்.